குலுக்கலில் பிசகு இல்லை, அப்புறம் ஏன் எண் மாறியது?

மும்பையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் நிறுவனமும் இங்கே வேண்டாம். எம்.எஸ்சி. புள்ளியியல் படித்தவர். தாராவியில் மாலைப் படிப்பகம் நடத்தும் சின்னத் தொண்டு அமைப்பு ஒன்றில் கணக்கு வழக்கை, அதாவது தரவுகளைப் பார்த்துக்கொள்கிறார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 400 பேர் படிப்பகத்துக்கு விண்ணப்பித்தார்கள், இடம் இருந்ததோ 200 பேருக்குத்தான். துண்டுச் சீட்டில் பெயர் எழுதி, பெற்றோர் முன்னாலேயே குலுக்கி 200 பேரை எடுத்தார்கள். அடுத்த கல்வியாண்டில் எண்ணிப் பார்த்தபோது, இடம் கிடைத்த 200 பேரில் 134 பேர் ஒன்பதாம் வகுப்பில் தொடர்ந்து படித்தார்கள். கிடைக்காத 200 பேரில் தொடர்ந்தவர்கள் 104 பேர்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். படிப்பகம் என்ற ஒரே மாறியை வைத்து லாஜிட் (ஆம், இல்லை என்ற விடைக்கு நிகழ்தகவைக் கணிக்கும் புள்ளியியல் மாதிரி) போட்டால் கெழு, அதாவது படிப்பகத்தின் விளைவைக் காட்டும் எண், 0.63; அந்த எண்ணின் தடுமாற்றத்தைச் சொல்லும் திட்டப்பிழை 0.21. அம்மாவின் படிப்பு, முந்தைய ஆண்டு மதிப்பெண், அப்பாவின் வேலை, பயிற்றுமொழி எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் கெழு 0.79, திட்டப்பிழை 0.23. அறங்காவலர் ஒருவர் ஓய்வுபெற்ற ஆடிட்டர். "குலுக்கல் ஒழுங்கா நடந்திருந்தா எண் ஏம்மா மாறுது? எங்கேயோ தட்டியிருக்கே" என்று கேட்டுவிட்டார். வெளியிலிருந்து வந்த ஆலோசகர் இன்னொரு பக்கம்: "வீட்டில் பிள்ளை மேல் காட்டும் அக்கறையை நீங்கள் அளக்கவே இல்லை, அதனால் எல்லா எண்ணும் தப்பு." நன்கொடை திரட்டுகிறவரோ 0.79-ஐ 2.2 என்று மாற்றி, "தொடரும் வாய்ப்பு 2.2 மடங்கு" என்று பிரசுரம் அடிக்கத் தயாராக இருக்கிறார். வருகைப் பதிவு பற்றியும் சில கேள்விகள் கேட்டிருக்கிறார் வாசகி. "குலுக்கலிலேயே தவறு நடந்திருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் மனதை ஆற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் எதையும் தட்டவில்லை. குலுக்கலிலும் கோளாறு இருப்பதாக இந்த இரண்டு எண்களை வைத்துச் சொல்ல முடியாது. குலுக்கல் ஒழுங்காக நடந்திருந்தாலும் லாஜிட் கெழு இப்படித்தான் ஏறும். ஏறாமல் அப்படியே நின்றிருந்தால், சேர்த்த மாறிகளால் ஒரு பிரயோஜனமும் இல்லையோ என்று நான் யோசித்திருப்பேன்.

உங்கள் குழப்பம் வந்த வழி எனக்குத் தெரியும், நானும் அந்த வழியாகத்தான் வந்தேன். நேர்கோட்டு ரிக்ரெஷனில் நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது: விடுபட்ட மாறிக்கும் நம் மாறிக்கும் தொடர்பு இல்லையென்றால் கெழுவுக்குச் சேதமில்லை. குலுக்கல் அந்தத் தொடர்பை அறுத்துவிடுகிறது, ஆகவே எதைச் சேர்த்தாலும் எதை விட்டாலும் கெழு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பாடம் சரி. ஆனால் அது நேர்கோட்டுக்கு உரியது. 'தொடர்ந்தாரா, இல்லையா' என்ற கேள்விக்குப் போடும் லாஜிட், அதன் உடன்பிறப்பான ப்ராபிட் இரண்டுக்கும் அது பொருந்தாது.

யார் கை முழம்?

மாட்டுங்காவில் பூ வாங்கியிருப்பீர்கள். அதே சரத்தை நெடிய கைக்காரம்மா அளந்தால் நாலு முழம், குட்டைக் கைக்காரம்மா அளந்தால் அஞ்சு முழம். சரம் நீளவில்லை, அளந்த கைதான் வேறு.

லாஜிட் கெழுவும் முழக் கணக்குதான். அந்தக் கணித மாதிரி என்ன நினைக்கிறது என்றால், ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் 'படிப்பைத் தொடரும் போக்கு' என்று கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அது ஒரு கோட்டைத் தாண்டினால் பிள்ளை பள்ளியில் இருக்கும். அந்தப் போக்கில் ஒரு பங்கு நீங்கள் அளந்தவற்றிலிருந்து வருகிறது, மீதி அளக்காதவற்றிலிருந்து. போக்கை யாரும் பார்த்ததில்லை, அதற்குக் கிலோவும் கிடையாது மீட்டரும் கிடையாது. ஆகவே மென்பொருள் ஒரு வேலை செய்கிறது. அளக்காத மிச்சத்தின் சிதறல் எவ்வளவாக இருந்தாலும் சரி, அதன் மாறுபாட்டை, அதாவது சிதறலின் வர்க்க அளவை, லாஜிட்டில் சுமார் 3.29 என்றும் ப்ராபிட்டில் 1 என்றும் வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அந்த அலகில் அளந்து தருகிறது. அந்த மிச்சத்தின் சிதறல்தான் முழம் போடும் கை.

அம்மாவின் படிப்பும் பழைய மதிப்பெண்ணும் முதல் மாதிரியில் மிச்சத்துக்குள் கிடந்தன. இரண்டாவதில் அவற்றை வெளியே எடுத்துவிட்டீர்கள். மிச்சம் சுருங்கியது, கை குட்டையானது, முழக் கணக்கு 0.63-இலிருந்து 0.79 ஆனது. படிப்பகம் செய்த வேலை அதே அளவுதான்.

ப்ராபிட்டில் இதைச் சூத்திரமாகவே எழுதலாம். விடுபட்டது இயல்நிலைப் பரவலில் இருந்து, நம் மாறியோடு தொடர்பில்லாமல், அதன் மாறுபாடு 1 ஆகவும் இருந்தால், உண்மைக் கெழு 2-இன் வர்க்கமூலத்தால் வகுபட்டு வரும். 0.50 இருக்க வேண்டிய இடத்தில் 0.35 கிடைக்கும். எப்போதும் பூஜ்யத்தை நோக்கித்தான் சுருங்கும். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. மருத்துவச் சோதனைகளில் சீட்டுக் குலுக்கிப் பிரித்தாலும் லாஜிட் போன்ற மாதிரிகளில் கெழு சுருங்கும் என்று கெயில், வீயண்ட், பியான்டடோசி மூவரும் 1984-இல் எழுதினார்கள். ப்ராபிட்டுக்கு யாட்ச்யூவும் கிரிலிக்கஸும் 1985-இல் எழுதினார்கள். உங்கள் ஆலோசகர் ஆதாரம் கேட்டால் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். ஆடிட்டரிடம் பெயர்கள் எடுபடாது, அவருக்குக் கூட்டல் கழித்தல்தான் வேண்டும்.

ஒரு காகிதம், ஒரு பேனா

அவருக்காக ஒரு கணக்கு. எண்கள் என் கற்பனை, கூட்டிப் பார்க்கச் சுலபமாக வைத்திருக்கிறேன். வீட்டில் அக்கறை குறைவாக உள்ள பிள்ளைகளில், படிப்பகம் இல்லாத 100 பேரில் 10 பேர் தொடர்கிறார்கள், படிப்பகம் உள்ள 100 பேரில் 50 பேர். அக்கறை அதிகமுள்ள வீடுகளில், இல்லாத 100 பேரில் 50, உள்ள 100 பேரில் 90. இரண்டு பக்கமும் ஏற்றம் 40 சதவீதப் புள்ளி. ஆட்ஸ் விகிதம், அதாவது தொடர்ந்தவரைத் தொடராதவரால் வகுத்து (இதுதான் ஆட்ஸ்), படிப்பகம் உள்ளவர் எண்ணை இல்லாதவர் எண்ணால் வகுத்தால், இரண்டு பக்கமும் சரியாக 9.

இப்போது அக்கறையை அளக்க மறந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் ஒன்றாகப் போட்டால், படிப்பகம் இல்லாத 200 பேரில் 60, உள்ள 200 பேரில் 140. ஏற்றம் 30 சதவீதத்திலிருந்து 70 சதவீதம், அதே 40 புள்ளி. ஆட்ஸ் விகிதத்தைப் போடுங்கள்: 140-க்கு 60, 60-க்கு 140, வகுத்தால் 5.44.

இரண்டு குழுவிலும் 9 இருக்க, சேர்த்தால் 5.44. யாரும் திருடவில்லை, இரண்டு குழுவும் சரிபாதி, குலுக்கலும் சுத்தம். தலை எண்ணிக்கையில் பார்த்த 40 புள்ளி அசையவில்லை, லாஜிட் பேசும் மொழியில் மட்டும் எண் சுருங்கிவிட்டது. ஆடிட்டர் இதைத் தானே ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். அவர் கையால் போட்ட கணக்கை அவரே சந்தேகப்பட மாட்டார்.

உங்கள் தரவிலும் இதையே செய்யுங்கள். 400 பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும், படிப்பகம் கிடைத்திருந்தால் நிகழ்தகவு எவ்வளவு, கிடைக்காவிட்டால் எவ்வளவு என்று மாதிரியிலிருந்து கணித்து, கழித்து, 400 பேருக்கும் சராசரி எடுங்கள். முதல் மாதிரியில் அது 67-இலிருந்து 52 கழித்து 15 புள்ளி. இரண்டாவது மாதிரியிலும் 15-ஐ ஒட்டித்தான் வரும். குலுக்கலில் தற்செயலாக ஒரு பக்கம் கெட்டிக்காரப் பிள்ளைகள் கொஞ்சம் கூடியிருந்தால் ஒன்றிரண்டு புள்ளி முன்னே பின்னே போகலாம். பெரிதாக விலகினால் அப்போது குலுக்கலைச் சந்தேகப்படலாம், அதற்கு முன் வேண்டாம்.

லாஜிட்டுக்கு ஒரு தனி அழகு உண்டு. மாதிரியில் படிப்பக மாறி இருக்கும்வரை, கூட எத்தனை மாறி சேர்த்தாலும், இடம் கிடைத்த 200 பேரின் கணித்த நிகழ்தகவுகளைக் கூட்டினால் பிசகாமல் 134 வரும். மற்றவர்களுக்கு 104. திரையில் கூட்டிக் காட்டுங்கள், டேலி ஆகும். ஆடிட்டர்களுக்கு டேலி ஆவதைப் போல் நம்பிக்கை தருவது வேறெதுவும் இல்லை. ப்ராபிட்டில் இப்படி அச்சாக டேலி ஆகாது, கிட்டத்தட்ட வரும். சராசரி விளைவைச் சொல்வதற்கு லாஜிட்டே போதும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

திட்டப்பிழை 0.21-இலிருந்து 0.23 ஆனதைப் பார்த்துத் துல்லியம் போய்விட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். அதுவும் அதே முழம்தான். கெழுவைத் திட்டப்பிழையால் வகுங்கள்: முன்பு 3.0, இப்போது 3.4. சான்று வலுத்திருக்கிறது.

ஆலோசகர் சொன்னதில் பாதி

அக்கறையை அளக்கவில்லை என்பது உண்மை. அதனால் எல்லாம் தப்பு என்பது சரியில்லை. குலுக்கல், அக்கறையுள்ள வீட்டையும் இல்லாத வீட்டையும் பார்த்து இடம் கொடுக்கவில்லை. அளக்காத அக்கறை படிப்பகத்தின் கெழுவைச் சுருக்கும், ஊதிப் பெருக்காது. படிப்பகத்தால் ஒரு பயனும் இல்லையென்றால், அக்கறையை விட்டதால் இல்லாத பயன் ஒன்று முளைக்கவும் செய்யாது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் உண்மையான விளைவைக் கண்டுபிடிக்கும் திறன் குறையலாம், அவ்வளவுதான் ஆபத்து.

ஆனால் ஆலோசகர் வேறொரு இடத்தில் சரி, அதை அவரே சொல்லவில்லை. அம்மாவின் படிப்புக்கு வந்த கெழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் படிப்பைக் குலுக்கிப் போட்டு யாரும் கொடுக்கவில்லை. அதோடு வீட்டு வருமானம், அக்கறை, இன்னும் நமக்குத் தெரியாத எத்தனையோ பின்னிக் கிடக்கின்றன. அங்கே கெழு வெறுமனே சுருங்காது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும். அந்த வரிகளுக்கு அறிக்கையில் வியாக்கியானம் எழுதாதீர்கள். அட்டவணையில் இருக்கட்டும், பேச வேண்டாம்.

அறங்காவலர்களில் ஒருவர், "ஒழுங்காகப் படிப்பகத்துக்கு வந்த பிள்ளைகளை மட்டும் எடுத்து, இடம் கிடைக்காதவர்களோடு ஒப்பிடுங்கள், விளைவு இன்னும் நன்றாகத் தெரியும்" என்றாராமே. இந்தக் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பயம் தந்த வரி அதுதான். ஒழுங்காக வருவது யார்? வீட்டில் யாராவது துரத்தி அனுப்பும் பிள்ளை. அந்த நிமிஷமே குலுக்கல் தந்த பாதுகாப்பு போய்விடும். அளக்காத அக்கறை நேராகப் படிப்பகத்தின் கணக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இடம் கிடைத்தவர் வந்தாலும் வராவிட்டாலும் இடம் கிடைத்தவர்தான். 134-ஐ 200-ஆல்தான் வகுக்க வேண்டும்.

தமிழ்வழி, இந்திவழி

தமிழ்வழிப் பிள்ளைகளுக்குக் கெழு 0.9, இந்திவழிப் பிள்ளைகளுக்கு 0.5, ஆக நம் பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு பயன் என்று எழுதலாமா என்று கேட்கிறீர்கள். எழுத ஆசையாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்திருக்கும். ஆனால் இரண்டு பூக்காரம்மாக்கள் தனித்தனியாக அளந்த முழத்தை வைத்து எந்தச் சரம் நீளம் என்று சொல்ல முடியாதே. ஒரு குழுவில் அளக்காத வேறுபாடு குறைவு, இன்னொன்றில் அதிகம் என்றால், படிப்பகத்தின் வேலை ஒன்றாகவே இருந்தும் கெழுக்கள் வேறாகும். சமூகவியலாளர் பால் ஆலிசன் 1999-இல் இந்தப் பொறியைப் பற்றித் தனியாகவே எழுதினார். ஒவ்வொரு குழுவிலும் தலையை எண்ணி, எத்தனை புள்ளி ஏற்றம் என்று பாருங்கள், இரண்டுக்கும் நம்பக எல்லைகளை, அதாவது உண்மை எண் இருக்கக்கூடிய வீச்சை, போடுங்கள். குழுவுக்கு நூறு சொச்சம் பேரை வைத்துக்கொண்டு அந்த எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் கிடக்கும். வித்தியாசம் தெளிவாக இல்லையென்றால் அப்படியே எழுதுங்கள்.

வருகைப் பதிவை வெட்டாதீர்கள்

ஒவ்வொரு பிள்ளையும் பள்ளி நாட்களில் எத்தனை பங்கு வந்தது என்ற பின்னம், இரண்டு பருவத்துக்கும், உங்களிடம் இருக்கிறது. முதலில் அதை ஆட்ஸ் ஆக்கி லாகரிதம் எடுத்தீர்கள். முழு வருகைக்கும் பூஜ்ய வருகைக்கும் மென்பொருள் பிழை காட்டியதால் அந்தப் பிள்ளைகளை நீக்கினீர்கள். பிறகு நண்பர் சொன்னார் என்று 75 சதவீதத்தில் கோடு போட்டு ஆம், இல்லை என்று மாற்றினீர்கள். இரண்டும் வேண்டாம். ஒரு நாளும் வராத பிள்ளையை நீக்கிவிட்டு வருகையைப் பற்றி என்ன பேச முடியும்? கோடு போட்டாலோ, 30-இலிருந்து 60 சதவீதத்துக்கு ஏறிய பிள்ளை கணக்கிலேயே வராது. 74-இலிருந்து 76-க்கு நகர்ந்த பிள்ளை பெரிய வெற்றியாகிவிடும்.

பொருளியலாளர்கள் பேப்கியும் வூல்ட்ரிட்ஜும் 1996-இல் இதற்கு நேர்த்தியான வழி சொன்னார்கள். அமெரிக்க நிறுவனங்களின் ஓய்வூதியத் திட்டங்களில் தொழிலாளர்களில் எத்தனை பங்கு சேர்ந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் கேள்வி. பல திட்டங்களில் அது முழுதாக 1. பின்னத்தை வெட்டாமல் திருத்தாமல் அப்படியே லாஜிட் வளைவில் பொருத்தினார்கள். பூஜ்யமும் ஒன்றும் உள்ளேயே இருக்கும். சராசரியின் வடிவம் சரியாக இருந்தால் போதும், பரவல் முழுதும் தெரிய வேண்டியதில்லை. ஆர் மென்பொருளில் ஜிஎல்எம் கட்டளையில் குவாசிபைனாமியல் என்று கொடுத்தால் ஆயிற்று. திட்டப்பிழையை மட்டும் சாண்ட்விச் முறையில் (பரவலைப் பற்றிய அனுமானம் தப்பினாலும் தாங்கும் கணக்கு) எடுங்கள், ஒரே வீட்டு அக்கா தம்பிகள் இருந்தால் வீட்டு வாரியாகச் சேர்த்து எடுங்கள். அளக்காத வேறுபாடு இங்கேயும் கெழுவைச் சுருக்கும். அதே பழைய மருந்துதான்: சராசரி விளைவாக மாற்றி, 'வருகை இத்தனை புள்ளி கூடியது' என்று சொல்லுங்கள்.

பிள்ளைக்கு ஒரு டம்மி (அந்தப் பிள்ளைக்கு 1, மற்றவர்களுக்கு 0 என்ற மாறி) வீதம் 400 டம்மி போட்டு அளக்காத வேறுபாட்டைப் பிடிக்கும் உங்கள் யோசனையைக் கைவிடுங்கள். குலுக்கல் முடிவு ஒரு பிள்ளைக்கு இரண்டு பருவத்திலும் ஒன்றுதானே? டம்மிகள் படிப்பகத்தின் விளைவை முழுசாக விழுங்கிவிடும். பருவத்துக்குப் பருவம் மாறுகிற வேறு மாறிக்கு, 'வந்தாரா, இல்லையா' என்ற லாஜிட்டில் போட்டாலும் ஆபத்துதான். ஆளுக்கு இரண்டே பதிவு இருக்கும்போது கெழு உண்மையைப் போல இரண்டு மடங்காகப் போய் நிற்கும். சுருக்கத்துக்குப் பயந்து வீக்கத்தை வாங்கிக்கொள்வானேன்?

பிரசுரமும் கையெழுத்தும்

"2.2 மடங்கு" விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். 2.2 என்பது 0.79-ஐ e-இன் அடுக்காகப் போட்டால் வரும் ஆட்ஸ் விகிதம். படிக்கிறவர் 'தொடரும் பிள்ளைகள் இரண்டு மடங்குக்கு மேல் ஆனார்கள்' என்றுதான் புரிந்துகொள்வார். 52 சதவீதம் 67 ஆனது சுமார் 1.3 மடங்கு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நிறுவனத்துக்காக இதே மாதிரி ஏறிய கெழுவை 'மேம்பட்ட விளைவு' என்று தலைப்பிட்டுக் கொடுத்தேன். யாரும் கேள்வி கேட்கவில்லை, கைதட்டினார்கள். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் காது சுடுகிறது.

இதே மாதிரியை வைத்து 'எந்தப் பிள்ளை நின்றுவிடும்' என்று பட்டியல் கேட்பார்கள். 15 புள்ளி என்பது 400 பேரின் சராசரி. ஒரு தனிப் பிள்ளைக்கு நாம் அளக்காததுதான் பெரும்பங்கு. அந்தப் பட்டியலுக்கு எண்ணைவிட வகுப்பாசிரியரைக் கேட்பது மேல்.

உங்கள் பெயரில் போகும் பகுப்பாய்வில், ஒப்பாத வாக்கியத்தை நீக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதை மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், வாய்ப்பேச்சாக வேண்டாம். எந்த மாறிகளைச் சேர்ப்பது என்று எப்போது, ஏன் முடிவு செய்தீர்கள் என்பதையும் தேதியோடு குறித்து வையுங்கள். எண்ணைப் பார்த்த பிறகு மாறிகளைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று யாராவது கேட்டால் அதுதான் நியாயமான கேள்வி, அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். இரண்டு மாதிரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள், சராசரி ஏற்றத்துக்கு முதல் வரியைக் கொடுங்கள், கெழுக்கள் பின்னிணைப்புக்குப் போகட்டும்.

வேலையை விடும் யோசனையை அடுத்த கூட்டம் முடியும்வரை தள்ளிப் போடுங்கள். கூட்டத்துக்கு மடிக்கணினியோடு அந்தத் துண்டுச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள், இன்னும் பத்திரமாக வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே. ஆடிட்டர் கால்குலேட்டர் கொண்டுவருவார்.